பரங்கிக் கொடிக்கு மோர்

பனி இறங்கத் தொடங்கிய மார்கழிக் காலை ஒன்றில், பரங்கி இலையின் மேல் ஒரு வெள்ளைப் பொட்டைப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் அளவு இருந்தது. கோலமாவு சிந்திய மாதிரி. விரலால் தொட்டால் மாவு போலவே ஒட்டிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் பயமே வரவில்லை. "ஐ, சாம்பல் நோய்!" என்று கத்திவிட்டேன். வெளியூர் விடுதியில் தங்கி நுண்ணுயிரியலில் இரண்டு பட்டம் வாங்கும்வரை படத்தில் மட்டுமே பார்த்திருந்த பூஞ்சை அது. இப்போது எங்கள் தோட்டத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில்.

வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்ற அப்பா திரும்பிப் பார்த்தார்.

"என்னத்தா, புதையல் எடுத்த மாதிரி கத்துற?"

இலையைக் காட்டினேன். அவர் முகம் இறுகியது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இது பாடம் இல்லை, எங்கள் பரங்கி. இது போனால் நானும் போக வேண்டும்.

அந்தக் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாக்கோட்டையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கண்மாய்க்குக் கீழே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் புஞ்சை இருக்கிறது. ஒரு வருஷம் வெள்ளரி போட்டார் அப்பா, அடுத்த வருஷம் பீர்க்கு. இரண்டையும் நோய் தின்றது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பூஞ்சைக்கொல்லி அடிப்பார். சாயங்காலம் கண் எரிகிறது என்று ஈரத்துணியை முகத்தில் போட்டுப் படுத்திருப்பார். வாரம் கழிந்தால் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். கடைசியில் சலித்துப்போய் தைலமரக் கன்று விற்கிற ஆளிடம் பேசிவிட்டார். தைலமரம் நட்டால் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், ஆள் தேட வேண்டாம், இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். நட்டுவிட்டு வருஷக்கணக்கில் மறந்துவிடலாம். நானும் சென்னையில் ஏதாவது ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொள்ளலாம். எல்லாருக்கும் நிம்மதி, என்னைத் தவிர.

நான் குறுக்கே விழுந்தேன். ஒரே ஒரு வெள்ளாமை என் கையில் தாருங்கள், மருந்துக்கடைப் பக்கமே போகாமல் எடுத்துக் காட்டுகிறேன் என்றேன்.

"எடுக்க முடியலேன்னா?" என்றார் அப்பா.

"நீங்க தைலமரம் வைங்க. நான் பெட்டியக் கட்டுறேன்."

"பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்ப்பா."

தொடக்கப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் அம்மா, விடைத்தாள் திருத்திக்கொண்டே, "ஞாயித்துக்கெழம பூசைக்குப் போயி ரெண்டு பேரும் மாதா கோவில்லயே சத்தியம் பண்ணிக்கங்க. நான் சாட்சிக் கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

அப்படிப் போட்டதுதான் பரங்கி. விதைப்பதற்கு முன்பே நான் வேலையை ஆரம்பித்துவிட்டேன். மக்கிய சாணத்தில் டிரைக்கோடெர்மாவைக் கலந்து, ஈரச்சாக்கு போட்டு மூடி, நிழலில் வைத்திருந்தேன். சில நாளில் சாணத்தின் மேல் பச்சைப் பச்சையாகப் பூத்தது. அப்பா குனிந்து பார்த்தார்.

"இது என்னது?"

"இதுவும் பூஞ்சைதான். வேர அழுக வைக்கிற பூஞ்சையத் தின்னுரும்."

"ஊருக்குள்ள இருக்க ரவுடி பத்தாதுன்னு வெளியூருல இருந்து வேற கூட்டியாறியா?"

"இது நம்ம கட்சி ரவுடிப்பா."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் குழிக்குக் குழி அந்தச் சாணத்தை அள்ளிப் போட்டது அவர்தான். நாற்று அழுகல் ஒன்றுகூட வரவில்லை. கொடி ஓடியது, மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது, பிஞ்சும் வைத்தது. நான் தோட்டத்துக்குள் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் நடந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தப் பொத்தான் வெள்ளை.

சாம்பல் நோய்க்கு மண்ணில் போட்ட ரவுடி உதவ மாட்டான். அது இலையின் மேலேயே குடித்தனம் நடத்துகிற பூஞ்சை. பகல் வறண்டு, இரவு பனி பெய்தால் அதற்குக் கொண்டாட்டம். அதற்கு நான் யோசித்து வைத்திருந்தது மோர். பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு நன்றாகப் புளித்த மோர் என்று கலந்து, வெயில் ஏறும் நேரத்தில் இலையின் மேலும் கீழும் நனையத் தெளிக்க வேண்டும். மோரில் இருக்கும் நுண்ணுயிர்கள் இலையில் இடம் பிடித்துக்கொள்கின்றன என்று சிலர் சொல்கிறார்கள். பாலின் புரதம் வெயில் பட்டுப் பூஞ்சையைச் சுருக்குகிறது என்று வேறு சிலர். எனக்கு இரண்டும் சம்மதம். பூஞ்சை சுருங்கினால் போதும்.

எங்கள் வீட்டில் ஒரு பசுதான். அதன் மோர் ஒரு மூலைக்குத்தான் காணும். அந்த மூலையில் தெளித்தேன். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் வெள்ளைப் பொட்டுகள் பழுப்பாகிக் கிடந்தன. புதிதாக ஒன்றும் இல்லை. மற்ற இடமெல்லாம் பொட்டு பெருகிக்கொண்டிருந்தது. மோர் வேலை செய்கிறது! மோர்தான் இல்லை.

நேரே பக்கத்து வீட்டு அத்தையிடம் ஓடினேன். அவர் வீட்டுக்காரர் தச்சு ஆசாரி. ஆத்தங்குடிப் பக்கம் பெரிய வீடுகளில் கதவு நிலை பார்க்கிற வேலைக்குப் போய்விட்டால் பொழுதடைந்துதான் வருவார். அதனால் தெருவை நிர்வாகம் பண்ண அத்தைக்கு நிறைய நேரம் உண்டு. எங்கள் வீட்டில் மாதா படம், அவர்கள் வீட்டில் முருகன் படம். நடுவில் ஒரு மதில், அதுவும் இடுப்பளவுதான்.

"அத்தே, எனக்கு நெறைய மோர் வேணும். தெருவுல சொல்லி வாங்கித் தாரீகளா?"

"எப்ப வேணும்?"

"வியாழக்கெழம காலையில."

அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தார். கண் கலங்கியது போல்கூட இருந்தது. "அட, இதெல்லாம் கேக்கணுமாடி? கொடம் கொடமா வரும் பாரு. உனக்குத்தான் புண்ணியம்."

இயற்கை விவசாயத்துக்கு ஊரில் இவ்வளவு ஆதரவா என்று நான் அசந்துபோனேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் எங்கள் வாசலில் தூக்குவாளி, பிளாஸ்டிக் குடம், பால் கேன் என்று வரிசை கட்டி நின்றன. அப்பாவே வாயைப் பிளந்தார். மொபெட்டில் கட்டிக் கொண்டுபோனோம். வெயில் ஏறுவதற்குள் ஆரம்பிக்க வேண்டும் என்ற அவசரத்தில், முதல் கேனை வடிகட்டாமலே தெளிப்பான் டேங்கில் ஊற்றித் தண்ணீர் கலந்து முதுகில் மாட்டிக்கொண்டேன். இரண்டு வரிசை முடித்தேன். மூன்றாவதில் நாசில் அடைத்துக்கொண்டது. கழற்றி ஊதினேன். உள்ளிருந்து ஒரு கறிவேப்பிலைத் துண்டு வந்தது.

கறிவேப்பிலையா?

டேங்கைத் திறந்தேன். மேலே கடுகு மிதந்தது. அடுத்த கேனைத் திறந்தேன். பச்சை மிளகாய். அதற்கடுத்ததில் தட்டிப்போட்ட இஞ்சி, கொத்தமல்லி, பெருங்காய வாசனை. ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. கணக்கான, அருமையான உப்பு.

"அப்பா! தண்ணி! மோட்டார் போடுங்க!"

பத்துக்கு ஒன்று கலந்ததில் உப்பு லேசாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் வெயிலில் காய்ந்தால் இலை கருகுமோ என்று எனக்கு உதறல். இரண்டு வரிசையையும் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துக் கழுவினோம். கழுவி முடித்ததும் சேறும் சகதியுமாக அத்தை வீட்டு மதிலுக்கு ஓடினேன்.

"அத்தே, மோருல உப்புப் போட்டிருக்கு!"

"போடாம? உப்பில்லாத மோர யாருடி குடிப்பா?"

"குடிக்கிறதுக்கு இல்லத்தே, செடிக்கு!"

அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"செடிக்கா? பழனிக்கு நடந்து போறவுகளுக்கு இல்லையா?"

தை பிறந்துவிட்டது. தைப்பூசத்துக்குப் பழனி போகிற நடைக்கூட்டம் எங்கள் ரோட்டில் காரைக்குடி பார்த்துப் போக ஆரம்பித்திருந்தது. இந்த நாட்களில் எங்கள் ஊரில் ஒருத்தர் குடம் குடமாக மோர் வேண்டும் என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் ஒரு மாதமாக என் மண்டைக்குள் பரங்கி இலை தவிர வேறு ஒன்றுக்கும் இடம் இல்லை.

"வேதக்காரப் புள்ள, முருகன் பாதயாத்திரைக்கு மோர் குடுக்குதுன்னு தெருவே பூரிச்சுப் போயி இருக்கு. கோடி வீட்டுக்காரி நெய்யில தாளிச்சிருக்காடி. நெய்யில!" என்றார் அத்தை. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மதிலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, "பரங்கிக்கு இஞ்சி மோரு… பரங்கிக்கு இஞ்சி மோரு…" என்று.

வீட்டுக்குள்ளிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "மதினி, அடுத்தவாட்டி ஒரு ஊறுகாயும் வச்சு அனுப்புங்க. கொடி தொட்டுக்கிரும்."

தோட்டத்துக்குத் திரும்பினால், அப்பா மிச்சமிருந்த கேன்களையெல்லாம் மறுபடி மொபெட்டில் கட்டிக்கொண்டிருந்தார். "நெனச்சுக் குடுத்தவுகளுக்குப் போகட்டும். ஏறு" என்றார். ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றோம். பச்சை வேட்டியும் மஞ்சள் துணியுமாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கழுத்தில் மாதா படம் வைத்த உத்தரியக் கயிறு தொங்க அப்பா டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்தார். "வாங்க சாமி, நெழலுக்கு இங்குட்டு வாங்க. இஞ்சி போட்டது. தாகம் தீரக் குடிங்க."

கால் நரம்பெல்லாம் புடைத்திருந்த ஒரு அம்மா, இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, அப்பாவின் கழுத்தைப் பார்த்தார். "நீங்க மாதாகோயில்காரவுகளா? என்ன வேண்டுதல் வச்சு மோர் குடுக்குறீக? சொல்லுங்க, மலையில நானும் சேத்துச் சொல்றேன்."

அப்பா கொஞ்சம் யோசித்தார். நான் பின்னால் கேனைச் சாய்த்துக்கொண்டிருந்தேன், கேட்காது என்று நினைத்திருப்பார்.

"எம் மக பரங்கி போட்டிருக்கு. அது காய்ச்சிரணும்."

அந்த அம்மா அரோகரா சொல்லிவிட்டு நடந்தார். நான் குனிந்தபடியே வெகுநேரம் கேனைக் கழுவினேன். அதுவரை இது எனக்கும் அப்பாவுக்கும் நடக்கிற போட்டி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு தெருவில் எனக்கு மோர் வந்த விதமே தனி. உப்பு போடாத, தாளிக்காத, மூக்கைச் சுளிக்க வைக்கிற மோர். யார் வீட்டு மோர் அதிகம் புளித்தது என்பதில் போட்டி வந்தது. "எங்க வீட்டுத நாத்தத்துல பூனையே கிட்ட வரல, எடுத்துக்க" என்று பெருமையாகக் கொடுத்தார்கள். இந்தத் தடவை துணியில் வடிகட்டினேன். ஒவ்வொரு கேனையும் நாக்கில் தொட்டுப் பார்த்த பிறகுதான் டேங்கில் ஊற்றினேன். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும் என்பதற்காக நாசிலை மேல்நோக்கித் திருப்பி, வாத்து மாதிரி குனிந்து குனிந்து நடந்தேன். வெள்ளை மூடிப்போன அடி இலைகளை மோரால் மீட்க முடியாது. அவற்றை அறுத்துத் தோட்டத்துக்கு வெளியே குழியில் போட்டு மூடினோம். காற்றோட்டம் வந்ததும் கொடிக்கே மூச்சு வந்த மாதிரி இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. உப்பு மோருக்குப் பயந்து தண்ணீரில் கழுவிய அந்த இரண்டு வரிசையும் பளிச்சென்று சுத்தமாக நின்றன.

"அப்ப தண்ணியே போதும்ல? எதுக்குத் தெருத் தெருவா மோர் வாங்குற?" என்றார் அப்பா. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. தண்ணீர் வேகமாகப் பட்டால் இந்தப் பூஞ்சையின் விதைகள் கழுவிப் போகும், இது நான் படித்ததுதான். போதுமா என்பதுதான் தெரியாது. அந்த இரண்டு வரிசைக்கு மட்டும் மோர் அடிக்காமல் விட்டேன். வாரம் முடிவதற்குள் அங்கே வெள்ளை திரும்ப வந்தது. மோர் பட்ட பக்கத்து வரிசை சுத்தமாக இருந்தது. அப்பாவைக் கூட்டிக்கொண்டுபோய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். அந்த இரண்டு வரிசைக்கு அன்று மோர் தெளித்தது அவர்தான்.

எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று நினைத்தபோது மூடுபனி வந்தது. எட்டு மணி வரை எதிரில் நிற்கும் ஆள் தெரியவில்லை, அதற்குப் பிறகும் வானம் மூடியே கிடந்தது. அப்படி நாலைந்து நாள் தொடர்ந்து. வெயில் இல்லாமல் தெளித்தும் பிரயோஜனம் இல்லை. நடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் புதுப் பொட்டுகள் கிளம்பின. காய்கள் பாதி வளர்ந்து நிற்கிற நேரம். இப்போது இலை போனால் காய் சப்பிப் போகும். அந்தச் சனிக்கிழமை அப்பா மொபெட் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார். பூஞ்சைக்கொல்லி. எப்போது வாங்கினாரோ.

"அங்குட்டு மட்டும் ஒரு டேங்க் அடிச்சிருவோம்த்தா. ஒனக்காகத்தான் சொல்றேன். காயி போச்சுன்னா எல்லாம் போச்சு."

அவர் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்குப் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. கொஞ்சம் பொறுங்கள் என்று வீட்டுக்கு ஓடி, படிக்கும் காலத்தில் பழையதாக வாங்கிய என் மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்து மோட்டார் ரூமில் வைத்தேன். மோர் படாத புதுப் பொட்டிலிருந்து செலோடேப்பில் ஒற்றியெடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தேன்.

அப்பா ஒரு கண்ணை மூடிக் குனிந்தார். "பாசிமணி கோத்த மாதிரி வரிசையா நிக்கிது."

"அதுதான் அதோட வெத. ஒவ்வொண்ணும் பறந்து போயி ஒரு பொட்டு வைக்கும். இப்ப இதப் பாருங்க." மூடுபனிக்கு முன்னால் மோர் தெளித்த இடத்தின் பழுப்புப் பொட்டை மாற்றி வைத்தேன்.

வெகுநேரம் பார்த்தார். "மணியெல்லாம் அறுந்து கெடக்கு. சுருங்கிப் போயி."

"செத்துப் போச்சுப்பா. பனி வந்தும் அது எந்திரிக்கல. அங்குட்டு வந்திருக்கது புதுசு. வெயில் வந்தா அதையும் அடிச்சிரலாம். எனக்கு வெயில் மட்டும்தான் வேணும்."

பாக்கெட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பையிலேயே போட்டு ஜிப்பை இழுத்தார். "திங்கக்கெழம வரைக்கும் பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான் எதற்காக மன்றாடினேன் என்று சொல்லத் தேவையில்லை. அன்றைக்கே பத்து மணிக்குப் பனி கிழிந்து வெயில் சுள்ளென்று அடித்தது. கோவிலுக்குக் கட்டிய பட்டுச்சேலையை மடித்து வைக்கக்கூட நேரம் கொடுக்காமல் அம்மாவையும் இழுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அப்பா கலக்க, நான் தெளிக்க, அம்மா பின்னாலேயே இலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, "இங்க விட்டுட்ட. இங்கயும் விட்டுட்ட. பத்துக்கு ஏழுதான் போடுவேன்" என்று மார்க் போட்டுக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு பனி அவ்வளவு கனமாக இறங்கவில்லை. அங்கங்கே ஒன்றிரண்டு பொட்டுகள் வந்தன, போயின. ஒரு இலைகூட நோய்ப்படவில்லை என்று நான் அளக்கப்போவதில்லை. ஆனால் மாசியில் காய் அறுத்தபோது கொடியில் பச்சை இருந்தது. அதுதான் எனக்குப் பெருமை. முந்தைய இரண்டு வருஷமும் அறுப்புக்கு முன்பே தோட்டம் சாக்கு நிறத்தில் கிடந்தது. இந்தத் தடவை பச்சை இலையை விலக்கி விலக்கித்தான் காயைத் தேட வேண்டியிருந்தது. ஒவ்வொரு காயும் தோளில் வைத்தால் ஆளைச் சாய்க்கிற கனம். தெருவில் மோர் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று போனது. அன்று மத்தியானம் எங்கள் தெரு முழுக்கப் பரங்கிக்காய்ப் புளிக்கறி வாசனை. அத்தை மட்டும் மதில் வழியாக, "இஞ்சி வாசம் அடிக்குதாடி?" என்று கேட்டார்.

காரைக்குடியிலிருந்து லோடு ஏற்ற வந்த வண்டிக்காரர், "என்ன மருந்துங்க அடிச்சீக?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். பாசிமணி, வெயில், இலையின் அடிப்பக்கம், வடிகட்டாவிட்டால் நாசில் அடைக்கும் என்பதுவரை. நடுவில் இரண்டு தப்பு சொன்னார். திருத்த வாய் துடித்தது, அடக்கிக்கொண்டேன். வண்டிக்காரர் வாயில் பீடியோடு முழுவதும் கேட்டுவிட்டு, "கெட்டுப்போன மோரா?" என்றார். "கெட்டுப்போனது இல்ல, புளிச்சது" என்றார் அப்பா, என் குரலிலேயே.

காய் ஏறிக்கொண்டிருக்கும்போது அப்பாவின் போன் அடித்தது. தைலமரக் கன்று விற்கிற ஆள். ஸ்பீக்கரில் கேட்டது: "அண்ணே, நிலம் காலியாயிருச்சுல்ல? குழி எடுக்க ஆள் அனுப்பவா?"

அப்பா தோட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"இல்லப்பா. நெலத்துல ஆளு இருக்கு."

"யாருக்குண்ணே குத்தகை விட்டீக?"

"எம் மகளுக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்து, வாயில் வந்தது, "சித்திரைக்குப் பீர்க்கு போடலாம்ப்பா. பந்தல் போட்டு, தள்ளித் தள்ளி நட்டா காத்தோட்டம் இருக்கும். பீர்க்குக்கு வர்ற அடிச்சாம்பல் நோய் வேற மாதிரி, அதுக்கு மோர் பத்தாது, சூடோமோனாஸ் பாக்டீரியா வேணும், வெதையிலயே கலந்துரணும்…" என்பதுதான்.

"பந்தலுக்குக் கல்லுக்கால் வேணும்ல" என்றார் அப்பா. சொல்லிவிட்டு, எத்தனை அடிக்கு ஒரு கால் என்று வரப்போரமாகவே எட்டு வைத்து அளக்கப் போய்விட்டார். நான் லோடு கட்ட வைத்திருந்த கயிற்றை எடுத்து ஒரு முனையை அவரிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.